பாட்டியின் செம்பில் கிடைத்த காலணாக்கள்: களிம்பை எப்படி எடுப்பது?

ரங்கூன்காரி:
எல்லோருக்கும் வணக்கம். பர்மாவில், ரங்கூனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வெள்ளையடிப்பதற்காகப் பரணைக் காலி செய்தபோது பாட்டியின் பித்தளைச் செம்பு ஒன்று கிடைத்தது. வாயைத் துணி போட்டுக் கட்டியிருந்தது. அவிழ்த்துக் கொட்டினால் 43 செப்புக் காசுகள். முக்கால்வாசி காலணா. அப்புறம் ஓட்டைக் காலணா ஏழு, தம்பிடி (காலணாவைவிடச் சிறிய காசு) மூன்று. பாட்டி இதைப் பூஜையில் வைத்திருந்தார் போலிருக்கிறது. மஞ்சள், குங்குமம், விளக்கெண்ணெய் எல்லாம் சேர்ந்து கறுப்புப் பிசுக்காகக் காசு மேல் உறைந்து கிடக்கிறது. அடியில் கிடந்த காசுகளில் பச்சைக் களிம்பு.

அம்மா ஒன்றை எடுத்து, குத்துவிளக்கு துலக்குகிற மாதிரி புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தார். ஐந்தே நிமிடத்தில் பளிச்சென்று ஆகிவிட்டது. ஆனால் அது செம்பின் நிறமாக இல்லை, ஒரு மாதிரி ரோஸ் நிறம். நான்காம் நாள் பார்க்கிறேன், விரல் ரேகை விழுந்த இடமெல்லாம் திட்டுத் திட்டாகக் கறுத்திருக்கிறது. மீதி 42 காசையும் நான் யாரையும் தொட விடவில்லை. விற்கும் எண்ணம் இல்லை. பாட்டியின் கை பட்டது கெட்டுவிடக் கூடாது, அதே சமயம் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவும் வேண்டும். தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

பெகு தம்பி:
அக்கா, புளிதான் சரி. உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள், தேய்த்து முடித்ததும் நல்ல துணியால் துடைத்து வெயிலில் வையுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான். எலுமிச்சை மூடியும் வேலை செய்யும்.

மோல்மீன் சயா:
ரங்கூன்காரி அம்மா, மீதியைத் தொட விடாமல் வைத்தீர்களே, அதுவே பாதி வேலை. பெகு தம்பி, வருத்தப்பட வேண்டாம், நல்ல மனதோடுதான் சொல்கிறீர்கள். ஆனால் இந்த வழி காசுக்கு ஆகாது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பழைய செப்புக் காசின் மேல் இருப்பது ஒரே அழுக்கு இல்லை. மேலே இருப்பது வெளியிலிருந்து வந்து ஒட்டியது: எண்ணெய், குங்குமம், கைவியர்வை, தூசி. அதற்குக் கீழே செம்பே மாறி உண்டான தோல் இருக்கிறது. காற்றுப் பட்டதும் செம்பு முதலில் சிவப்பு ஆக்சைடாக மாறுகிறது, பிறகு பழுப்பு, கறுப்பு. ஈரமும் கரியமில வாயுவும் சேர்ந்தால் பச்சை. சாக்லேட் நிறத்தில் வழுவழுப்பாக ஒரு பழைய காலணாவைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தோல்தான் உள்ளே இருக்கிற செம்பைக் காப்பாற்றுகிறது. நூறு வருடத்தில் வளர்ந்தது. அச்சில் விழுந்த மெல்லிய கோடுகள் பல இடங்களில் அந்தத் தோலில்தான் நிற்கின்றன.

புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம், எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம். இரண்டுக்கும் எது அழுக்கு, எது தோல் என்று தெரியாது. ஆக்சைடு முழுவதையும் கரைத்துவிடும். அதனால்தான் ரோஸ் நிறம். அது தோலுரிந்த செம்பு. காப்பு போய்விட்டதால் ரங்கூன் மழைக்காற்றில் நாலே நாளில் கன்னாபின்னாவென்று கறுக்கிறது.

இவை எல்லாவற்றையும் விட எனக்குப் பயம் உப்பு. உப்பில் உள்ள குளோரைடு செம்பின் நுண்ணிய குழிகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். வெறும் கழுவலுக்கு வெளியே வராது. அங்கே செம்போடு சேர்ந்து குப்ரஸ் குளோரைடு ஆகும். காற்றில் ஈரம் ஏறியதும் அது உடைந்து, வெளிர்பச்சைப் பொடியும் கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் உண்டாகும். அந்த அமிலம் பக்கத்துச் செம்பைத் தின்னும், மறுபடி குளோரைடு, மறுபடி அமிலம். சுற்றிக்கொண்டே போகும். அருங்காட்சியகக்காரர்கள் இதை வெண்கல நோய் என்கிறார்கள். மே முதல் அக்டோபர் வரை சுவரே வியர்க்கிற ஊரில் இருந்துகொண்டு காசில் உப்பைத் தேய்ப்பது பெரிய ஆபத்து.

அம்மா தேய்த்த அந்த ஒரு காசை இப்போதே காய்ச்சி வடித்த நீரில் போடுங்கள். தினமும் நீரை மாற்றி ஒரு வாரமாவது ஊறட்டும். உப்பு எவ்வளவு வெளியே வருகிறதோ அவ்வளவு நல்லது.

தாட்டோன் அண்ணன்:
சயா சொல்வதை என் அனுபவத்தில் எழுதுகிறேன். என்னிடம் பர்மிய மன்னர் மிண்டோனின் மயில் காசு ஒன்று இருந்தது. வெள்ளி இல்லை, செம்பு. பர்மிய எண்ணில் 1227 என்று இருக்கும், அதாவது 1865, மண்டலே அக்கசாலை (காசு அடிக்கும் இடம்) தொடங்கிய காலம். அப்பா வயல் உழும்போது கிடைத்தது. மண் ஒட்டி, மயில் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. எனக்கு அப்போது வயது 19. புளித்தண்ணீரில் இரவு முழுக்க ஊறப்போட்டு, காலையில் பித்தளை பிரஷ் போட்டுத் தேய்த்தேன். மண் போனது. மயிலின் தோகையில் இருந்த கண்களும் போயின. கொண்டை ஒரு மேடு மாதிரி தெரிகிறது, அவ்வளவுதான்.

பிறகு ஒருநாள் காசு வாங்குகிறவரிடம் காட்டினேன். கையில் வாங்கி, ஓரத்தைப் பிடித்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, "தேய்த்துவிட்டீர்களே" என்றார். திருப்பிக் கொடுத்துவிட்டார். விலையே சொல்லவில்லை. பணம் போனதற்குக்கூட நான் வருந்தவில்லை. அப்பா அதைச் சேற்றிலிருந்து எடுத்து என் கையில் வைத்தபோது இருந்த அவர் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அக்கா, அவசரப்படாதீர்கள்.

ரங்கூன்காரி:
படிக்கும்போதே மனசு கனத்துவிட்டது அண்ணே. சரி சயா, அப்படியானால் எண்ணெய்ப் பிசுக்கை மட்டும் எடுப்பது எப்படி? காய்ச்சி வடித்த நீர் என்றால் பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர்தானே? குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்தால் போதாதா? ஆலிவ் எண்ணெயில் ஊறவைக்கச் சொல்லி ஒருவர் வீடியோ போட்டிருக்கிறார், அதுவும் சரியா?

மோல்மீன் சயா:
குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும். அதில் இருக்கிற உப்பும் குளோரைடும் அப்படியே இருக்கும், தண்ணீர் சுண்டுவதால் உப்பின் செறிவு இன்னும் கூடும். பேட்டரித் தண்ணீர் சரிதான், ஆனால் கடையில் பக்கத்திலேயே பேட்டரி ஆசிட்டும் அதே மாதிரி பாட்டிலில் வைத்திருப்பார்கள். அது கந்தக அமிலம். லேபிளைப் படித்து, கேட்டு வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் மருந்துக்கடையில் காய்ச்சி வடித்த நீர் என்றே கேளுங்கள்.

நான் செய்கிற முறை இது. முதலில் காசுகளைப் பிரித்துவிடுங்கள். வெறும் பிசுக்கு உள்ளவை ஒரு பக்கம், கெட்டிப் பச்சை உள்ளவை ஒரு பக்கம், வெளிர்பச்சையாக மாவு மாதிரி உதிர்கிறவை தனியாக, மற்றவற்றோடு சேராமல். பிளாஸ்டிக் கிண்ணம் வேண்டாம், கண்ணாடிக் கிண்ணம். அடியில் மெல்லிய பருத்தித் துணி விரித்து, ஒன்றோடொன்று உரசாமல் வையுங்கள்.

உங்கள் காசில் இருப்பது பெரும்பாலும் எண்ணெயும் குங்குமமும். அதற்கு அசிட்டோன். நகப்பூச்சு அழிக்கிற திரவம் வேண்டாம், அதில் வாசனையும் எண்ணெயும் நிறமும் கலந்திருக்கும். சுத்தமான அசிட்டோன் கெமிக்கல் கடையில் கிடைக்கும். அது செம்பைத் தொடாது, தோலையும் தொடாது. எண்ணெய், பசை, பிளாஸ்டிக் உறையிலிருந்து இறங்கிய பிசின் ஆகியவற்றை மட்டும் கரைக்கும். ஆனால் சட்டென்று தீப்பிடிக்கும். சாமி விளக்கு எரிகிற அறையிலோ அடுப்பங்கரையிலோ வேண்டவே வேண்டாம். திண்ணையில், காற்றோட்டமாக, கிண்ணத்தை மூடி வைத்துச் செய்யுங்கள். அரை மணி நேரம் ஊறினால் திரவம் மஞ்சளாகும். அதைக் கொட்டிப் புதிதாக ஊற்றி இன்னொரு முறை. இரண்டாவது முறை எடுத்ததும் அப்படியே காயவிடாமல் சுத்தமான அசிட்டோனில் ஒருமுறை அலசிவிடுங்கள். இல்லையென்றால் கரைந்த எண்ணெயே மெல்லிய படலமாகத் திரும்பக் காசில் உட்கார்ந்துவிடும்.

அப்புறம் காய்ச்சி வடித்த நீர். ஒருநாள் ஊறட்டும், நீரை மாற்றுங்கள். மூன்று நாள், நான்கு நாள், பொறுமையாக. எழுத்துகளுக்கு நடுவில் இருக்கிற மண் இளகும். இளகியதை எடுக்க ஊசி வேண்டாம், கம்பி வேண்டாம். மூங்கில் சிம்பைக் கூர் சீவி நுனியை நனைத்துக்கொள்ளுங்கள். ரோஜா முள் அதைவிட நல்லது, செம்பைவிட மென்மை, ஆனால் மண்ணைவிடக் கெட்டி. குழந்தைகளுக்கான மிருதுவான பல் பிரஷ் இருந்தால் நீருக்குள்ளேயே வைத்து மெதுவாக ஒற்றலாம். உலர்ந்த காசைத் துணியால் தேய்க்கக் கூடாது. ஒரு மணல் துகள் போதும், முகத்தின் குறுக்கே கீறல் விழுந்துவிடும்.

எடுத்ததும் ஒற்றி எடுத்து, விளக்கு வெளிச்சச் சூட்டில் ஒரு மணி நேரம் நன்றாகக் காயட்டும். ஓரத்தை மட்டும் பிடியுங்கள்.

ஆலிவ் எண்ணெய் விஷயம். அதில் கொஞ்சம் கொழுப்பு அமிலம் இருக்கிறது, அதனால்தான் மாதக்கணக்கில் வைத்தால் கெட்டிப் பச்சை இளகுகிறது. ஆனால் தோலையும் மெல்ல அரிக்கும், நிறமும் கறுக்கும். நம் ஊர் நிலக்கடலை எண்ணெயும் தேங்காயெண்ணெயும் நாளானால் சிக்குப் பிடித்துவிடும். எண்ணெய்தான் வேண்டும் என்றால் மருந்துக்கடையில் லிக்விட் பாரஃபின் வாங்குங்கள். அதில் அமிலம் இல்லை. முடிந்ததும் அசிட்டோனில் கழுவிவிடலாம்.

மொகல் தெரு:
நான் நகைப் பட்டறையில் வேலை செய்கிறேன். சுத்தம் செய்வதற்கு முன் எடை போட்டு எழுதி வையுங்கள். கிழக்கிந்தியக் கம்பெனி காலணாவும் விக்டோரியா காலணாவும் 6.47 கிராம் இருக்க வேண்டும். தேய்மானத்தில் கொஞ்சம் குறையலாம். 1906 முதல் காலணாவைச் செம்புக்குப் பதில் வெண்கலத்தில் அடித்தார்கள், எடையும் ஐந்து கிராமுக்குச் சற்றுக் கீழே இறங்கிவிட்டது. ஆகவே உங்கள் செம்பில் இரண்டு வகையும் இருக்கும், ஒன்றாகப் போட்டு ஊறவைக்காதீர்கள். ஓட்டைக் காலணா 1943 முதல் வந்த வெண்கலம், மிக லேசு. காந்தத்தையும் காட்டிப் பாருங்கள், ஒட்டினால் அது செம்பே இல்லை.

எங்கள் பட்டறையில் இருக்கிற பாலிஷ் மோட்டாரில் போடச் சொல்லி யாராவது பழைய காசைக் கொடுத்தால் நான் மறுத்துவிடுவேன். மின்சாரம் பாய்ச்சிச் சுத்தம் செய்வதும் வேண்டாம், பித்தளை பாலிஷ் திரவமும் வேண்டாம்.

பெகு தம்பி:
சயா, தப்பாக நினைக்காதீர்கள், எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. நம் வீட்டுப் பெண்கள் வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கு துலக்குகிறார்கள். ரங்கூன் காளி கோயிலில் தொங்குகிற மணியைப் பாருங்கள், பளபளவென்று இருக்கிறது. செம்பும் பித்தளையும் துலங்கினால்தான் லட்சுமி என்று பாட்டி சொல்வார். பூஜைக் காசைக் கறுப்பாகவே விட்டு வைப்பது எப்படி மரியாதையாகும்?

மோல்மீன் சயா:
நல்ல கேள்வி தம்பி. நான் உங்களை மறுக்கவில்லை. விளக்கு கனமான வார்ப்பு. வாரம் ஒருமுறை தேய்த்தால் ஒரு தலைமுறைக்கு முடி அளவு குறையும், அதை யாரும் அளக்கப் போவதில்லை. காலணாவைப் பாருங்கள். அதன் எழுத்து காசின் தளத்திலிருந்து எவ்வளவு உயரம்? நகத்தால் தடவினால் தட்டுப்படுகிற அளவு, அவ்வளவுதான். விளக்கு போல வாரம் ஒருமுறை துலக்கினால் உங்கள் பேரன் கையில் ஒரு வழவழப்பான செப்பு வில்லைதான் போய்ச் சேரும்.

இன்னொன்றும் இருக்கிறது. நான் இருக்கிற மோல்மீன் ஊர் 1826லேயே கம்பெனி கைக்குப் போனது. ரங்கூனும் பெகுவும் 1852ல். மண்டலே 1885ல். அதனால் எங்கள் பக்கத்தில் 1835 என்று போட்ட கம்பெனி காலணா நிறைய புழங்கியது. பிற்பாடு மேலே மண்டலேயில் மயில் காசு. எந்தக் காசு எந்த வீட்டுச் செம்பில் இருந்தது என்பதே நம் ஆட்கள் எங்கே கரையிறங்கி எங்கே போய்த் தங்கினார்கள் என்பதற்குச் சாட்சி. ஆண்டும் எழுத்தும் அழிந்துவிட்டால் அந்தச் சாட்சியும் போய்விடும்.

ரங்கூன்காரி:
பெகு தம்பி கேட்டது என் அம்மா கேட்டதேதான். அம்மாவிடம் சயா எழுதியதைப் படித்துக் காட்டினேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னார். 1942ல் ஜப்பான் படைக்குப் பயந்து எல்லோரும் நடந்தே இந்தியா கிளம்பியபோது பாட்டி கைக்குழந்தையோடு இங்கேயே தங்கிவிட்டாராம். ஜப்பான்காரன் அச்சடித்த நோட்டு 1945ல் வெறும் காகிதமானது. 1964ல் ஐம்பது, நூறு கியாட் நோட்டு செல்லாமல் போனது. 1987ல் இருபத்தைந்து, முப்பத்தைந்து, எழுபத்தைந்து நோட்டுகள் ஒரே நாளில் செல்லாது என்றார்கள். ஒவ்வொரு முறையும் பாட்டி இந்தச் செம்பைத்தான் எடுத்து வந்து சாமி முன்னால் வைப்பாராம். செலவழிக்க முடியாத காசு என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் வைப்பார்.

இனி அம்மாவே புளி பக்கம் போக மாட்டார். இந்த வாரம் அசிட்டோன் வாங்குகிறேன்.

தாட்டோன் அண்ணன்:
அக்கா, முதலில் மிகவும் தேய்ந்த காசு ஒன்றில் செய்து பாருங்கள். கை பழகிய பிறகு நல்ல காசுக்கு வாருங்கள்.

ரங்கூன்காரி:
பதினாறு நாள் ஆயிற்று. நடந்ததை எழுதுகிறேன்.

அண்ணன் சொன்னபடி தேய்ந்த ஜார்ஜ் மன்னர் காலணாவில் தொடங்கினேன். அசிட்டோன் தேநீர் நிறத்துக்கு வந்தது. இரண்டாவது முறை வெளிர் மஞ்சள். அப்புறம்தான் கறுப்பாகத் தெரிந்த ஒரு காசை எடுத்தேன், அதில் எதுவுமே தெரியாது. அசிட்டோன், பிறகு நான்கு நாள் நீர். நான்காம் நாள் காலை ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ரோஜா முள்ளால் ஓரத்திலிருந்து மெல்ல ஆரம்பித்தேன். முதலில் ஒரு வால் வந்தது. அப்புறம் பின்னங்கால். இரண்டு சிங்கங்கள் நடுவில் ஒரு கேடயத்தைத் தாங்கி, ஆளுக்கொரு கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. கீழே 1835. புரட்டினால் இலைமாலைக்குள் காலணா என்று ஆங்கிலத்தில், சுற்றி ஈஸ்ட் இந்தியா கம்பெனி. எல்லாம் நல்ல காப்பிக்கொட்டை நிறத்தில். சிங்கத்தின் பிடரிக்குள் மட்டும் கொஞ்சம் குங்குமம் சிவப்பாக நிற்கிறது. அதை எடுக்க மனம் வரவில்லை, விட்டுவிட்டேன். அம்மா கையில் வாங்கி ஓரத்தை மட்டும் பிடித்துப் பார்த்தார்.

ஆனால் ஒரு கவலை. தனியாக வைத்த நாலு காசில் ஒன்றில் வெளிர்பச்சைப் பொடி. துடைத்தேன், மூன்று நாளில் அதே இடத்தில் மறுபடி வந்திருக்கிறது. கீழே சின்னக் குழி.

மோல்மீன் சயா:
குங்குமத்தை விட்டது மிகச் சரி, அந்தத் துளி காசைக் கெடுக்காது.

பொடி திரும்ப வந்தால் அது வெண்கல நோய்தான். சாதாரணப் பச்சை கெட்டியாக ஒட்டிக்கொண்டு, நிறம் அடர்ந்திருக்கும், துடைத்தால் வராது, வளராது. அதற்கு எதுவும் செய்ய வேண்டாம். நோய்ப் பச்சை வெளிறி, உதிர்ந்து, திரும்பத் திரும்ப வரும். அந்தக் காசைத் தனியே வையுங்கள். தொட்டால் கையைக் கழுவுங்கள், அந்தப் பொடி வயிற்றுக்குள் போகக் கூடாது. வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் எட்டாத இடத்தில்.

முள்ளால் பொடியை முடிந்தவரை எடுத்துவிட்டு, சலவைச் சோடாவும் சமையல் சோடாவும் கலந்த காரக் கரைசலில் ஊறவைப்பது பழைய முறை. ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீருக்கு இரண்டும் சேர்ந்து 50 கிராம், ஏறக்குறைய சரிபாதியாக. வாரம் ஒருமுறை கரைசலை மாற்ற வேண்டும். வாரங்கள் ஆகும், சில சமயம் மாதங்கள். கரைசல் குளோரைடை மெல்ல வெளியே இழுக்கும். மேல்தோலில் கொஞ்சம் நீலம் ஏறலாம், அதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள். முடிந்ததும் மறுபடி காய்ச்சி வடித்த நீரில் பல நாள், பிறகு நன்றாக உலர்த்தல். குழி விழுந்த இடம் திரும்ப வராது. பரவாமல் நிற்கும், அவ்வளவே நாம் கேட்க முடியும்.

மொகல் தெரு:
வைக்கிற இடத்தையும் சொல்லிவிடுகிறேன். பழைய மிருதுவான பிளாஸ்டிக் ஆல்பம் வேண்டாம், நாளானால் அதுவே அமிலம் விட்டுப் பச்சைப் பிசினாகிக் காசில் இறங்கும். ரப்பர் பேண்டும் வேண்டாம், அதில் கந்தகம். இறுக்கமாக மூடுகிற கண்ணாடி ஜாடியில், காசுகளைத் தனித்தனியே அமிலமில்லாத காகிதத்தில் மடித்து, ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து போட்டு வையுங்கள். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை பொட்டலத்தை மாற்றிவிடுங்கள். அரிசி போட்டு வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள், அது மாவைத்தான் விடும்.

பெகு தம்பி:
அக்கா, நானும் வீட்டில் தேடினேன். அம்மாயியின் சுருக்குப்பையில் 5 காசு இருந்தது. புளியை எடுக்கவில்லை. ரோஜா முள் தேடிக்கொண்டிருக்கிறேன். சயா, அசிட்டோனுக்கு முன்னால் பாத்திரம் கழுவுகிற சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு போடலாமா?

மோல்மீன் சயா:
போடலாம் தம்பி, எலுமிச்சை சேர்க்காத சோப்பாகப் பார்த்து. ஒரு சொட்டு, ஒரு கிண்ணம் காய்ச்சி வடித்த நீருக்கு. பிறகு நன்றாக அலசுங்கள்.

ரங்கூன்காரி:
43ல் 29 முடிந்தது. அம்மா முதலில் தேய்த்த ரோஸ் நிறக் காசு இப்போது சீராகப் பழுப்பாகிக்கொண்டு வருகிறது, உப்பு போய்விட்டது போலிருக்கிறது. நோய்க் காசு சோடாக் கரைசலில் இரண்டாவது வாரம். கம்பெனி காலணாவை மட்டும் ஜாடியில் போடவில்லை. பாட்டியின் செம்பை அம்மா துலக்கி வைத்திருக்கிறார், அதனுள் காகிதத்தில் மடித்துச் சாமி அலமாரியில் இருக்கிறது. பக்கத்தில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம்.